டிரசர் வராத நாள்

டிரசர் வந்திருக்கிற நாளில் நீலாவதியை யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். "இந்தாம்மா, அந்தப் பஞ்ச எடு" என்பதோடு சரி. டிரசர் வராத நாளில் அதே ஆட்கள் வாசலில் நின்று "டாக்டரம்மா" என்பார்கள். பதினோராங்கட்டைத் தோட்டத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் அவள் டாக்டரம்மாதான்.

முன்பு இப்படி இல்லை. கெமாசிலிருந்து பதினோரு கட்டை, அதாவது பதினோரு மைல், தள்ளியிருக்கும் அந்தத் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கிற டிரசருக்கென்று தனி பங்களா இருந்தது. ராத்திரி பகல் எந்நேரமும் போய்த் தட்டலாம். ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்ட பிறகு கம்பெனி பக்கத்துத் தோட்டங்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. மூன்று தோட்டத்துக்கும் ஒரே டிரசர் என்றார்கள். அவர் இங்கே வருவது செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரியைத் திறந்து கூட்டி, காயம் கழுவி, மஞ்சள் மருந்து போட்டு, காய்ச்சலுக்குப் பெனடோல் கொடுப்பதெல்லாம் நீலாவதி. பெரிய நோவு என்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பாள். அதைக் கொண்டுபோய் ஆபீசில் காட்டினால், வேன் இருந்தால், தம்பின் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார்கள்.

அவளால் ஆகாத காரியம் ஒன்றே ஒன்றுதான். எம்.சி., அதாவது நோவுக்கான லீவுச் சீட்டு, கொடுக்க முடியாது. உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாதவன் எம்.சி. காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அவன் பேருக்கு நேராக வேலை மேற்பார்க்கும் மண்டோர் 'பொந்தேங்' என்று எழுதிவிடுவான், அதாவது சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டவன். தொடர்ந்து மூன்று நாள் அப்படி விழுந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எம்.சி. தாளில் பேர், நம்பர், நோவு எல்லாம் நிரப்புவது நீலாவதியின் கைதான். அடியில் கையெழுத்து மட்டும் டிரசருடையது. ஆள் நோவு செவ்வாய், வெள்ளி பார்த்தா வரும்? திங்கட்கிழமை வருகிற வயிற்றுவலிக்காரனிடம் "நாளைக்கு வாங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் சலித்துப்போயிருந்தது.

1996 மார்ச்சில் சன்னாசி என்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவர் எம்.சி. கிடைக்காமல் அவள் கொடுத்த மருந்துப் புட்டியை அவள் தலைக்கு மேலே சுவரில் அடித்து உடைத்தார். அவர் வயதானவர், மறுநாளே வந்து "கோவத்துல செஞ்சிட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நீலாவதிக்கு அன்றைக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டடம் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்துக்கும் அப்பால், செம்பனை நிரைகள் தொடங்குகிற இடத்தில் தனியாக இருந்தது. அதற்கு ஒரே வாசல். உள்ளே நுழைந்தால் மேசை. மேசைக்குப் பின்னால் அவள். அவளுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மருந்து அலமாரி. அதற்குப் பின்னால் சுவர். மேசைக்கு முன்னால் எவன் நின்றாலும், அவனைத் தாண்டித்தான் அவள் வெளியே போக வேண்டும். பதினேழு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அது தோன்றியதே இல்லை. புட்டி உடைந்த பிறகு ஒவ்வொரு நாளும் தோன்றியது.

அவள் ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் ராமகிருஷ்ணன் கிள்ளானிலிருந்து வந்தவர். குரலை உயர்த்தாதவர். தொழிலாளிகளையும் 'நீங்க' என்றுதான் பேசுவார்.

"உட்காருங்க நீலாவதி. என்ன விஷயம்?"

"மூணு விஷயம் சார். டிரசர் வராத நாள்ல எங்கூட இன்னொரு ஆளு வேணும். பொம்பள ஆளா இருந்தாலும் பரவால்ல. பின்னால செவுத்த ஒடச்சு ஒரு கதவு போட்டுக் குடுக்கணும். அப்புறம் ஒரு போன். ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆபீசுக்கு அர கட்ட ஓடி வரணும் சார்."

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "நியாயம்தான். புதுச் சட்டம் வந்திருக்கு, தெரியுமா? வேலை செய்ற எடத்துல ஆளுங்களுக்கு ஆபத்து வராம பாத்துக்கறது முதலாளி கடமை. டிரெய்னிங்கும் குடுக்கணும். நாமளும் ஒரு கமிட்டி போட்டிருக்கோம். அதுல வெச்சுப் பேசறேன்."

நீலாவதிக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. சட்டமே வந்திருக்கிறது என்றால் கதவு வராமலா போகும்?

கமிட்டி ஏப்ரலில் கூடியது. அடுத்து ஜூனில். ஆபீசில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி முருகையாதான் அதற்குச் செயலாளர். சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்துப் பக்கம் வந்தவரை அவள் நிறுத்திக் கேட்டாள்.

"கிராணியாரே, எங்க கதவு என்னாச்சு?"

"எழுதியிருக்கும்மா. குறிப்புல ஏத்தியாச்சு."

"ஏத்துனா?"

முருகையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏத்துனா ஏத்துனதுதான். கோலாலம்பூரு தலைமை ஆபீசுலேருந்து பதில் வரணும். அங்க அனுப்பியாச்சு. டிரெய்னிங் வருதாம், அது முதல்ல வரும்."

டிரெய்னிங் ஆகஸ்டில் வந்தது. தலைமை ஆபீசிலிருந்து டை கட்டிய இளைஞர் ஒருவர் தோட்டத்து மண்டபத்தில் வெள்ளைத் துணி மாட்டி, விளக்குப் பெட்டியிலிருந்து படம் படமாகக் காட்டினார். ஆங்கிலத்தில் அவர் சொல்லச் சொல்ல முருகையா தமிழில் சொன்னார். தொப்பி போட வேண்டும், சப்பாத்து போட வேண்டும், பூச்சிமருந்து அடிக்கும்போது மூக்கைக் கட்ட வேண்டும். முக்கால் மணி நேரம் ஆனதும் கடைசியாக ஒரு படம். கையை ஓங்கிய ஒரு மனிதன்; அவன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"இது வன்முறை," என்றார் முருகையா. "யாராச்சும் கோவமா வந்தா மூணு காரியம் செய்யணுமாம். ஒண்ணு, பதட்டப்படாம சிரிச்ச முகமா இருக்கணும். ரெண்டு, தூரத்துல நிக்கணும். மூணு, மேலதிகாரியக் கூப்பிடணும்."

நீலாவதி எழுந்து நின்றாள். முன்னூறு பேர் இருந்த மண்டபத்தில் அவள் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை. "தூரத்துல நிக்கணும்னா எங்க நிக்கிறது? எனக்குப் பின்னால செவுருதான இருக்கு?"

மண்டபம் சிரித்தது. கேலியாக அல்ல, எல்லாருக்கும் அந்த ஆஸ்பத்திரி தெரியும். முருகையா ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த இளைஞரும் சிரித்தார். நல்ல கேள்வி, உங்கள் கமிட்டியிடம் சொல்லுங்கள் என்றார். பிறகு தாள் ஒன்று வரிசை வரிசையாக வந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், போடத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள், ஆளுக்கொரு பொட்டலம் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அக்டோபர் மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில் தங்கராஜு ஆஸ்பத்திரிக்கு வந்தார். நீலாவதியின் லயத்தில் மூன்றாவது வீட்டுக்காரர்; குலை வெட்டுகிறவர். நீலாவதியின் புருசன் இறந்த வருடம் மழைக்கு முன்னால் அவள் வீட்டுத் தகரத்தை ஏறி மாற்றிக் கொடுத்தவர். அவள் மகள் சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போனபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனவர். அவர் மனைவி ராக்கம்மாவும் நீலாவதியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

"சனிக்கெழம கொல சாஞ்சப்ப ஒதுங்கப் போயி இடுப்புல என்னமோ புடிச்சிக்கிச்சு நீலா. குனிய முடியல."

அவள் தைலம் தேய்த்துவிட்டாள், மாத்திரை கொடுத்தாள். "நாளைக்கு டிரசர் வந்துருவாருண்ணே. எம்.சி. வாங்கிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை டிரசர் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் யாருக்கோ அவசரம் என்று பத்து மணிக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த ஏழு பேரும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். தங்கராஜு சுவரைப் பிடித்தபடி எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து போனார்.

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு மறுபடி வந்தார். வேறு யாரும் இல்லை. நிரைகளில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள்.

"மண்டோரு ரெண்டு நாளும் பொந்தேங் போட்டுட்டான். இன்னிக்கும் போட்டா மூணு. கடுதாசி வந்துரும். எம்.சி. குடு நீலா."

"நான் எப்படிண்ணே குடுக்கறது? துண்டு எழுதித் தரேன், வேன்ல தம்பின் போங்க. அங்க படம் புடிச்சுப் பாப்பாங்க."

"வேன் இல்லலா. கோலாலம்பூர்லேருந்து ஆளு வராங்கன்னு ரயிலு ஸ்டேசனுக்குப் போயிருச்சு. நான் ஆபீசு வழியாத்தான் வரேன்." அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். உட்கார முடியாததால் அப்படி நின்றார். "எல்லாம் நீதான எழுதுற? அவன் கையெழுத்து ஒண்ணுதான? கோணலா ஒரு கோடு. அதப் போட்டுக் குடு."

"அப்படிப் போட்டா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்கண்ணே."

"என்னையத் தூக்குனா பரவால்லியா?"

அவர் குரல் உயர்ந்தது. குடித்திருக்கவில்லை, அவள் மூக்குக்கு அது தெரியும். முகம் வேர்த்துக் கறுத்திருந்தது. வலி தாங்காத முகம். என்ன செய்ய வேண்டும் என்று டிரெய்னிங்கில் சொன்னது நீலாவதிக்கு ஞாபகம் வந்தது. பதட்டப்படக் கூடாது. சிரித்த முகமாக இருக்க வேண்டும். அவள் சிரித்தாள்.

"சிரிக்கிறியா?" என்றார் தங்கராஜு. "நான் மூணு நாளா நாய் மாதிரி இழுத்துக்கிட்டு நடக்கிறேன், ஒனக்குச் சிரிப்பா இருக்கா?"

"இல்லண்ணே, அதுக்கு இல்ல..."

அவள் எழுந்து பின்னால் ஒதுங்கினாள். ஓர் அடி. அலமாரி முதுகில் இடித்தது. அவர் மேசையை அப்படியே தள்ளினார். அதன் விளிம்பு அவள் வயிற்றில் ஏறி அவளை அலமாரியோடு சேர்த்து நெருக்கியது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அடுத்து அவர் கை வந்தது. பச்சைக் குலையை நாள் முழுக்கத் தூக்கிப் போடுகிற கை. இடது காதின் மேல் விழுந்தது. உலகம் ஒரு பக்கமாக அணைந்துபோய், கீ என்று ஒரு சத்தம் மட்டும் நின்றது.

அவள் சரிந்து விழுந்தாள். இன்னொரு அடி வரும் என்று தலையை மூடிக்கொண்டாள். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது மேசைக் கால்களுக்கு ஊடே தங்கராஜுவைப் பார்த்தாள். அவரும் தரையில் கிடந்தார். மேசையைத் தள்ளிய வேகத்தில் இடுப்பு முழுதாகப் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்து திறந்து மூடினார். கத்துகிறாரா அழுகிறாரா என்று அவளுக்குக் கேட்கவில்லை.

அவர் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தார். தாண்டிப் போக அவளுக்குத் துணிவில்லை. கத்திப் பார்த்தாள். அவரும் கத்தினார் என்று பிறகு தெரிந்தது. இருவருமே ஆளைக் கூப்பிட்டுத்தான் கத்தியிருக்கிறார்கள். செம்பனை மட்டைகள் காற்றில் உரசிக்கொண்டன. ஆபீஸ் அரைக் கட்டைக்கு அப்பால். அரை மணி நேரமோ என்னவோ அப்படியே போனது. வள்ளியம்மா என்கிற களை வெட்டும் பெண் காலில் முள் குத்திக்கொண்டு மருந்து போட வந்தவள், வாசலில் நின்று "ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள்.

ஸ்டேசனுக்குப் போன வேன் அப்போதுதான் திரும்பியிருந்தது. தம்பினுக்கு இருவரையும் அதே வேனில்தான் ஏற்றிப் போனார்கள். தங்கராஜு பின்சீட்டில் குப்புறக் கிடந்தார். முன்சீட்டில் இருந்த நீலாவதி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காதுச் சவ்வு கிழிந்திருந்தது. முதுகில் பதினொரு தையல். பெண்கள் வார்டில் மூன்றாம் நாள் ராக்கம்மா வந்தாள். கட்டிலுக்கு இடது பக்கம் நின்று என்னவோ சொன்னாள். நீலாவதி தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

"போலீசுல ரிப்போட்ட வாபஸ் வாங்கிரு நீலா. ஒன் கால்ல விழறேன்."

"நான் குடுக்கலக்கா. ஆபீசுலேருந்து குடுத்துட்டாங்க. நான் வேன்ல ஏறும்போதே மேனேஜரு போன் போட்டுட்டாராம்."

"நீ சொன்னா கேப்பாங்க. நீயா வழுக்கி விழுந்தேன்னு சொல்லு."

"காதுலயும் வழுக்கி விழுந்தேன்னு சொல்லவாக்கா?"

ராக்கம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீலாவதிக்கும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. "அவருக்கு எப்படியிருக்கு?" என்று கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"ஆம்பள வார்டுலதான் கெடக்காரு. அடி முதுகுல எலும்புக்கு ஊடால இருக்கறது பிதுங்கிக்கிச்சாம். இனிமே பாரம் தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசத்துக்கு எம்.சி. குடுத்திருக்காங்க."

நவம்பர் முதல் வாரத்தில் விசாரணை. ஆபீஸ் அறையில் மேனேஜர், தலைமை ஆபீசிலிருந்து வந்த ஓர் அதிகாரி, எழுதுவதற்கு முருகையா. அதிகாரி தமிழர்தான், தமிழிலேயே கேட்டார்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதா?" ஆகஸ்ட் மாதத் தாளைக் காட்டினார்.

"ஆமா சார்."

"அப்ப வன்முறை பத்தின பயிற்சி உங்களுக்குக் குடுத்திருக்கு."

"படம் காட்டுனாங்க சார்."

"தூரத்துல நின்னீங்களா?"

"நிக்க எடம் இல்ல சார்."

"மேலதிகாரியக் கூப்பிட்டீங்களா?"

"போன் இல்ல சார்."

"தங்கராஜு சொல்றாரு, நீங்க அவரப் பாத்துச் சிரிச்சீங்கன்னு. உண்மையா?"

நீலாவதி வாயைத் திறந்தாள். உண்மைதான். சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று அவளால் சொல்ல முடிந்தது. ஆனால் சொல்லும்போதே அது அங்கே எப்படிக் கேட்கிறது என்பதும் தெரிந்தது. "நீங்கதான் சார் சிரிச்ச முகமா இருக்கணும்னு சொன்னீங்க."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேசையைப் பார்த்தார்.

"சார்," என்றாள் நீலாவதி, இப்போது மேனேஜரிடம். "நான் கதவு கேட்டேன். ஆளு கேட்டேன். மார்ச் மாசமே கேட்டேன். கிராணியாரு எழுதி வெச்சிருக்காரு."

முருகையா எழுதுவதை நிறுத்தினார். யாரும் கேட்காமலே எழுந்துபோய்ப் பச்சைக் கோப்பை எடுத்து வந்து, ஏப்ரல் குறிப்பையும் ஜூன் குறிப்பையும் ஆகஸ்ட் குறிப்பையும் பிரித்து அதிகாரியின் முன்னால் வைத்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். அவரால் ஆனது அவ்வளவுதான்.

அதிகாரி மூன்றையும் படித்தார். "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது, பரிசீலனையில் உள்ளதுன்னு போட்டிருக்கே. அப்ப கம்பெனி இத அலட்சியம் பண்ணலைன்னுதான ஆகுது?" கோப்பை மூடி முருகையாவிடமே திருப்பிக் கொடுத்தார். "பத்திரமா வைங்க. லேபர் ஆபீசுலேருந்து கேட்டா காட்டணும்."

ஒரு வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. தங்கராஜுவுக்கு வந்ததில், வேலையிடத்தில் வன்முறையைக் கம்பெனி எந்த வகையிலும் பொறுத்துக்கொள்ளாது என்றும், அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்றும், வீட்டைப் பதினான்கு நாளில் காலி செய்ய வேண்டும் என்றும் இருந்தது. நீலாவதிக்கு வந்ததில், கோபமாக வரும் தொழிலாளியிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையை இனிமேல் கவனமாகப் பின்பற்றும்படி அறிவுறுத்தியிருந்தார்கள். அவளுடைய பாதுகாப்பை முன்னிட்டு தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கொட்டகைக்கு அவளை மாற்றியிருப்பதாகவும் இருந்தது.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனாள்.

"என் கடுதாசி கெடக்கட்டும் சார். அவங்க வீட்ட விட்டுருங்க. அவருக்கு வேல போச்சு, சரி. எந்திரிச்சு நிக்க முடியாத ஆளு எங்க போவாரு? ராக்கம்மா அக்கா களை வெட்டுதுல்ல, அது பேருல வீட்டக் குடுங்க."

"உங்களுக்காகத்தான் நீலாவதி இதச் செய்றோம்." ராமகிருஷ்ணனின் குரல் எப்போதும்போல மெதுவாகவே இருந்தது. "மூணு வீடு தள்ளி அந்த ஆள வெச்சுக்கிட்டு, நாளைக்கு உங்களுக்கு மறுபடி ஏதாச்சும் ஆச்சுன்னா சட்டம் என்னையத்தான் கேக்கும். உங்களப் பாதுகாக்கறது எங்க கடமை."

"எனக்குப் பயமில்ல சார்."

"நீங்க பயப்படறீங்களா இல்லியான்னு இதுல கேள்வி இல்ல."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருமி, வேறொரு தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் அவளை இன்னும் சோரச் செய்தது. கெட்டவர் என்றால் சபித்துவிட்டாவது வெளியே வந்திருக்கலாம்.

தோட்டம் இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டது. "ஒரு அடிக்கு ஒரு குடும்பத்தையே வெளிய அனுப்பிட்டா" என்றார்கள் சிலர். "பொம்பள மேல கை வெச்சவனுக்கு இவ போயி சிபாரிசு பண்றா" என்றார்கள் வேறு சிலர். காலையில் குழாயடியில் அவள் போனால் பேச்சு நின்றது. இடது பக்கம் கேட்காததால், தனக்குக் கேட்காமல்தான் போகிறதா, இல்லை யாரும் பேசவே இல்லையா என்று அவள் ஒவ்வொரு முகமாகத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

பதினான்காம் நாள் காலை லாரி வந்தது. அலமாரி, கட்டில், சாமி படங்கள், கோழிக் கூண்டு எல்லாம் ஏறின. கடைசியில் தங்கராஜு. முன்பக்கம் ஏற இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார், முகம் வெளிறியது. தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நீலாவதி தன்னை அறியாமல் ஓடினாள். இடுப்பு பிடித்தவனை எப்படித் தூக்க வேண்டும் என்பது அங்கே இருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "கைய விடுங்க, தோளப் புடிக்காதீங்க, கீழேருந்து..." என்று அவள் குனிந்து கையை நீட்டியபோது, ராக்கம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"போதும் நீலா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். லாரி போன பிறகு நீலாவதி வெகு நேரம் நடுச்சாலையில் நின்றாள்.

மம்பாவ் பக்கம் புறம்போக்கில் ஒரு பலகை வீட்டில் அவர்கள் இருப்பதாகத் தைப்பூசத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். ராக்கம்மா ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாளாம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கச் சிரம்பான் போன நீலாவதி, அவளிடம் சொல்லாமல் மம்பாவுக்கு இன்னொரு பஸ் ஏறினாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கவா? கேட்டால் எதற்கென்று கேட்பது? மன்னிக்கவா? அதற்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு இடத்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள்.

கதவு திறந்தே இருந்தது. ராக்கம்மா அவளைப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த துணிகளை எடுத்து வழிவிட்டாள்.

தங்கராஜு தரையில் பாயில் படுத்திருந்தார். பாதியாகியிருந்தார். எழப் பார்த்தவரை அவள் கையமர்த்திவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்து, பிஸ்கட் பொட்டலத்தைத் தரையில் வைத்தாள். ராக்கம்மா கோப்பி கலக்கப் பின்பக்கம் போனாள்.

"காது எப்படியிருக்கு?" என்றார் தங்கராஜு.

அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று பார்த்து அவள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள். "ஒரு பக்கம் கேக்குதுண்ணே. மழ பேஞ்சா சத்தம் வரும். ஒங்களுக்கு?"

"ராத்திரி கால் மரத்துப் போவுது."

"படுக்கறப்ப முழங்காலுக்குக் கீழ தலகாணி வைங்க."

"வெச்சுப் பாத்தேன்."

பக்கத்து வீட்டு ரேடியோவில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தங்கராஜு கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கு ஒன்னால குடுத்திருக்க முடியாதுல்ல?"

"முடியாதுண்ணே."

"தெரியும். அன்னிக்கே தெரியும். வேற யாரப் போயி அடிக்கறதுன்னு தெரியல." அவர் முகத்தைத் திருப்பச் சிரமப்பட்டு, முடியாமல், கையால் கண்ணை மூடிக்கொண்டார். "நீதான முன்னால நின்ன."

நீலாவதிக்கு "பரவால்லண்ணே" என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது உண்மையில்லை. அவளுக்கு அது பரவாயில்லை என்று ஆகவில்லை. ராத்திரிகளில் கதவு அடிபட்டால் இன்னும் எழுந்து உட்காருகிறாள். பிள்ளைக்கொட்டகையில் குழந்தை அழுதால் எந்தத் தொட்டில் என்று தெரியாமல் நான்கையும் ஆட்டிப் பார்க்கிறாள். அவரை வெறுக்கவும் முயன்று பார்த்துவிட்டாள். இப்போது இந்தப் பாயின் அருகே உட்கார்ந்திருக்கும்போது அதற்கும் பலம் இல்லை.

ராக்கம்மா கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "சீனி கம்மியாத்தான் போட்டேன். ஒனக்குப் புடிக்காதே" என்றாள்.

"இல்லக்கா, சரியா இருக்கு."

மூன்று பேரும் குடித்தார்கள். ராக்கம்மா கேண்டீனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். சுடுதண்ணீரில் கை வெந்துபோகிறது, கையுறை கேட்டிருக்கிறோம், தருகிறோம் என்கிறார்கள் என்றாள். நீலாவதி அந்தக் கையை வாங்கிப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. இந்தத் தடவை ராக்கம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள் நீலாவதி. அதைத் தவிர அவளிடம் வேறு மருந்து இல்லை.

நாலேகால் பஸ்ஸுக்கு அவள் எழுந்தாள். தங்கராஜு தூங்கியிருந்தார், இல்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ராக்கம்மா சாலை வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வந்ததும் என்னவோ சொன்னாள். இரைச்சலில், அதுவும் இடது பக்கம் நின்றதால், நீலாவதிக்கு அது கேட்கவில்லை. திரும்பக் கேட்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது ராக்கம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.